உப்பின் மேல் உரசிய அயனிகள்

போன மாதம் மா எய் என்னைத் தேடிக்கொண்டு, ரங்கூனுக்கு வெளியே மகளோடு நான் இருக்கும் மாவ்பிக்கு வந்தாள். நான் வேலை பார்த்த இயற்பியல் துறையில் அவள் இப்போது விரிவுரையாளர். எங்கள் கூடத்தில் இருக்கும் அயனி இயந்திரத்தைப் பிரித்து எடுத்துவிட்டு அந்த இடத்தில் கணினிகள் வைக்கப் போகிறார்களாம். எந்த வால்வை முதலில் திறக்க வேண்டும், எந்தப் பம்பின் வயிற்றில் இன்னும் எண்ணெய் கிடக்கிறது என்று பிரிக்கிறவர்களுக்குச் சொல்லத் துறையில் ஆளில்லை. எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். மகள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து பர்மிய மொழியில் நான்கு பக்கம் எழுதிக் கொடுத்தேன். வாசித்து முடித்தவள், வால்வுகளெல்லாம் இருக்கின்றன, இத்தனை வருடம் அவற்றைத் திருகிய ஆள் எங்கே என்று கேட்டாள். அந்த நான்கு பக்கத்தில் சேராததை இங்கே எழுதுகிறேன். எனக்கு வீட்டுப் பேச்சு தமிழ் என்பதால் இது தமிழில் வருகிறது.

என் பெயர் பாக்கியம். துறையில் டோ சோ சோ; டோ என்பது பெண்களுக்கு முன்னால் சேர்க்கும் பர்மிய மரியாதைச் சொல். இரண்டும் அப்பா வைத்த பெயர்கள்தான். ஒன்று வீட்டுக்கு, ஒன்று பள்ளிக்கூடப் பதிவேட்டுக்கு. அப்பா ரயில்வே பட்டறையில் பிட்டர். ரங்கூனில், மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் தண்டவாளத்துக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. பல்கலைக்கழகம் மூடுவதும் திறப்பதுமாக இருந்த காலத்தில் எப்படியோ இயற்பியலில் பட்டம் வாங்கினேன். ஆய்வுக்கூட உதவியாளர் வேலை கிடைத்தது. முதல் ஐந்து வருடம் நான் கற்றது ஒன்றே ஒன்று, காற்றை வெளியேற்றுவது. ரப்பர் வளையத்தின் மேல் ஒரு தலைமுடி கிடந்தாலும் காற்று நுழைந்துவிடும். பம்பின் சத்தம் லேசாக மாறும்போதே எங்கே கசிகிறது என்று தெரிய வேண்டும். பிறகு வீட்டில் தூங்கும்போதும் அந்தச் சத்தம் காதில் ஓடிக்கொண்டிருக்கும். அது நின்றால்தான் விழிப்பு வரும்.

எங்கள் இயந்திரம் பெரியதல்ல. கூடத்தின் ஒரு மூலையில் பீப்பாய் மாதிரி ஒன்று இருக்கும். அதற்குள் ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பறித்துவிட்டு, மிஞ்சிய அயனியை உயர் மின்னழுத்தம் கொடுத்து விரட்டுவோம். அது நீளமான எஃகுக் குழாய்க்குள் ஓடிவந்து, மறுமுனையில் சோற்றுப் பானை அளவு இருக்கும் ஓர் அறைக்குள் நுழையும். அந்த அறையில் ஒரு சிறிய உப்புப் படிகம் இருக்கும். சமையல் உப்பு அல்ல, பொட்டாசியம் குளோரைடு. ஆனால் கூடத்தில் எல்லோரும் உப்பு என்றுதான் சொல்வோம். அயனி அந்த உப்பை நேராகப் போய் முட்டாது. மேற்பரப்பை ஒட்டி, ஒரு பாகைக்கும் குறைந்த சரிவில், உரசியும் உரசாமலும் போகிற மாதிரி படிகத்தைத் திருப்பி வைப்போம். முட்டினால் அயனி உள்ளே புதைந்துவிடும். உரசினால், வரிசையாக நிற்கும் அணுக்கள் எல்லாமாகச் சேர்ந்து அதை மெல்லத் தள்ளி வெளியே அனுப்பிவிடும். போகிற போக்கில் அது மேற்பரப்பிலிருந்து எலக்ட்ரான்களைக் கிளப்பிவிட்டுப் போகும். முட்டும்போது கிளம்புவதைவிட உரசும்போது பல மடங்கு கிளம்பும். ஓர் அயனிக்கு எத்தனை என்று எண்ணுவதுதான் எங்கள் வேலை.

இதை எனக்கு முதலில் விளக்கியவர் டோ யின் யின் மோன். துறைத் தலைவராகப் பின்னால் ஆனார். அப்போது இளம் விரிவுரையாளர். அவரை நான் கடைசி வரை ஸயாமா என்றுதான் கூப்பிட்டேன், டீச்சர் என்று அர்த்தம். ஒரு மத்தியானம் இங்யா ஏரிக் கரையில் நாங்கள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தபோது ஒரு தட்டான்பூச்சி தண்ணீரைத் தொட்டுவிட்டு எழும்பியது. தொட்ட இடத்தில் வட்டம் விரிந்தது. அது போன வழியைக் காட்டி, தண்ணீருக்குள் விழுந்த கல்லைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள், இதைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்றார். பிறகு இன்னொன்று சொன்னார். கிளம்பிய எலக்ட்ரான்களில் சில, அயனி போகும் அதே திசையில் அதே வேகத்தில் அதன் கூடவே போகுமாம். ஒன்றையொன்று முந்தாமல், பிந்தாமல். எவ்வளவு தூரம் என்று கேட்டேன். குழாயின் சுவர் வரும் வரை என்றார். அன்று மத்தியானம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. ஆளில்லாத, காற்றுகூட இல்லாத ஓர் இடத்தில் இரண்டு துகள்கள் சேர்ந்து போய்க்கொண்டிருப்பதை நினைத்தபடி பம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

என் வேலையில் நான் பெருமைப்பட்டுக்கொள்கிற ஒன்று உண்டென்றால் அது உப்பைப் பிளப்பது. படிகம் சின்ன விரல் கனத்தில் ஒரு கட்டியாக வரும். அதைத் துணியின் மேல் வைத்து, சவர பிளேடை அணுக்களின் வரிசைக்கு இணையாகப் பிடித்து, சிறு சுத்தியலால் ஒரே ஒரு தட்டு. இரண்டாவது தட்டு தட்டினால் அந்தப் படிகம் போயிற்று. சரியாக விழுந்தால் கட்டி சத்தமே இல்லாமல் இரண்டாகும்; பிளந்த முகம் கண்ணாடி மாதிரி இருக்கும், அதில் என் கண்ணிமை தெரியும். அந்த நொடியிலிருந்து அவசரம். உப்புக்குக் காற்றின் ஈரம் ஆகாது. ரங்கூனில் மழை பிடித்துக்கொண்டால் ஐந்து மாதம், சுவரே வியர்க்கும். என் மூச்சு படாமல் இருக்க முகத்தில் துணி கட்டியிருப்பேன். தாங்கியில் பொருத்தி, அறைக் கதவை மூடி, பம்பை ஓட்டிவிட்டுத்தான் மூச்சு விடுவேன். கதவு மூடிய பிறகும் பம்ப் ஓடாமல் பத்து நிமிடத்துக்கு மேல் காற்றில் இருந்துவிட்டால் அந்தப் படிகத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்றைப் பிளக்க வேண்டும். இது ஸயாமா வைத்த விதி.

அளவெடுக்கும் முன் கோணம் சரிபார்க்கச் சற்று வலுவான அயனிக் கற்றையை ஐந்து பத்து நிமிடம் விடுவோம். அப்போது கூடத்து விளக்கை அணைத்துவிட்டு அறையின் கண்ணாடிச் சன்னல் வழியாகப் பார்த்தால், உப்பின் மேல் நீல நூல் ஒன்று கிடக்கும். அது மினுங்காது, அசையாது. பார்த்துக்கொண்டிருந்தால் நேரம் போவது தெரியாது. அளவெடுத்து முடித்துப் படிகத்தை வெளியே எடுக்கும்போது, நீல நூல் இருந்த இடத்தில் மங்கலான ஊதாக் கோடு விழுந்திருக்கும். உரசிப் போகாமல் உள்ளே புதைந்துவிட்ட சில அயனிகள் விட்ட தடம் அது. வெளிச்சம் பட்டால் அந்த நிறம் மெல்லப் போய்விடும். அதனால் ஒவ்வொரு படிகத்தையும் கறுப்புக் காகிதத்தில் சுற்றித் தேதி எழுதி ஒரு தகரப் பெட்டியில் வைத்திருப்பேன். யாரும் கேட்டதில்லை. எனக்காகத்தான் வைத்தேன்.

ஸயாமா சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. பச்சையோ நீலமோ கட்டம் போடாத ஒரே நிற லொஞ்சிக் கைலி, கன்னத்தில் மெல்லிய தனக்காப் பட்டைச் சாந்து, கையில் எப்போதும் ஒரு பென்சில். மாணவர்கள் முடிவுகளைக் கொண்டுவந்து காட்டினால் நன்றாக இருக்கிறது என்றும் சொல்ல மாட்டார், தப்பு என்றும் சொல்ல மாட்டார். லாக் புத்தகத்தைக் கேட்பார். கூடத்தில் நடப்பதையெல்லாம் நேரத்தோடு எழுதும் அந்தப் பெரிய நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டுவார். சில இடத்தில் விரல் நின்றுவிடும். இது பார்த்து எழுதினதா, நினைத்து எழுதினதா என்று கேட்பார். நினைத்து எழுதினதென்றால் திட்டமாட்டார். பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவார். அந்தப் புள்ளிக்கு நாங்கள் பயந்த மாதிரி வேறு எதற்கும் பயந்ததில்லை.

கோ ஸாவ் எங்கள் தெருப் பையன். அவன் அம்மா ஞானமும் நானும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். தமிழ் நன்றாகப் புரியும், பேசும்போது பாதியில் பர்மியத்துக்குத் தாவிவிடுவான். என்னை அன்ட்டி என்று கூப்பிடுவான். முனைவர் பட்டத்துக்கு ஸயாமாவிடம் சேர்ந்தபோது அவனுக்கு வயது இருபத்தாறு. ஒவ்வோர் அயனியும் எத்தனை எலக்ட்ரானைக் கிளப்புகிறது என்று தனித்தனியாக எண்ணும் டிடெக்டரை அவன்தான் பழைய பாகங்களைக் கொண்டு ஒட்டி உருவாக்கினான். கணினித் திரையில் அந்த எண்ணிக்கை மலை மாதிரி ஒரு வரைபடமாக வரும். மலை இடப்பக்கம் இருந்தால் எலக்ட்ரான் குறைவு, வலப்பக்கம் நகர்ந்தால் அதிகம். இரண்டு வருடமாக அந்த மலை ஒரே இடத்தில் நின்றது. எல்லா நாட்டிலும் எல்லோரும் பார்த்த அதே இடம். அவன் அதை வைத்துக்கொண்டு என்ன புதிதாக எழுதுவது என்று தவித்துக்கொண்டிருந்தான்.

அந்த வருடம் மழைக்காலத்தின் நடுவில் ஒரு நாள். பன்னிரண்டு மணிக்கு மேல் உப்பைப் பிளந்து, அறைக்குள் வைத்துக் கதவை மூடி, பம்பை ஓட்டிவிட்டேன். அழுத்தம் இறங்கத் தொடங்கிய சமயம் மின்சாரம் போய்விட்டது. மீ ப்யெட், கரண்ட் போச்சு, என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் வராந்தாவுக்குப் போனார்கள். பம்ப் நின்றால் அறைக்குள் காற்று மெதுவாகத் திரும்ப ஏறும். வெளியே கொட்டுகிற மழை. எனக்கு நன்றாகத் தெரியும், இந்தப் படிகம் இனி உதவாது. அப்போது வாசலில் இருந்த காவலாளி வந்து, எங்கள் பக்கத்து வீட்டிலிருந்து எனக்குத் தொலைபேசி என்றார். என் மகள் தேவிக்கு மூன்று நாளாகக் காய்ச்சல். மூக்கிலிருந்து ரத்தம் வருகிறது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம் என்றார்கள். டெங்கு நாட்கள் அவை. என் கணவர் ஷ்வேப்யிதாவில் தொழிற்சாலையில் இருந்தார், அவர் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆகும்.

மின்சாரம் வந்தது. கோ ஸாவ் மதியம் மூன்று மணிக்கு வந்து அளவெடுக்க வேண்டும். புதிதாக ஒன்றைப் பிளந்து பொருத்தி முதலிலிருந்து தொடங்கினால் இன்னும் ஒன்றரை மணி நேரம் நான் அங்கே இருக்க வேண்டும். சன்னல் வழியாகப் படிகத்தைப் பார்த்தேன். பளிங்கு மாதிரித்தான் இருந்தது. பம்பைத் திரும்ப ஓட்டினேன். லாக் புத்தகத்தில், பிளந்த நேரம் என்ற இடத்தில், புதிதாகப் பிளந்தது போல, மின்சாரம் வந்த பிறகுள்ள ஒரு நேரத்தை எழுதினேன். குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன்.

தேவி ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்தாள். நான் திரும்பி வந்தபோது கூடமே திருவிழாவாக இருந்தது. மலை வலப்பக்கம் நகர்ந்திருந்தது. கொஞ்சமல்ல, யாருடைய கணக்கிலும் இல்லாத அளவுக்கு. கோ ஸாவ் என் கையைப் பிடித்து இழுத்துப் போய்த் திரையைக் காட்டினான். அது அந்த மழை நாளின் படிகம் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் மகள் பிழைத்த சந்தோஷத்தில் அதை நான் சரியாகத் திரும்பிப் பார்க்கவில்லை. ஸயாமா லாக் புத்தகத்தைக் கேட்டு வாங்கி விரலை ஓட்டினார். என் வரியில் விரல் நிற்கவில்லை. பல வருடமாக என் வரிகளில் அது நின்றதில்லை.

அவன் கட்டுரை எழுதினான். வெளிநாட்டு ஆய்விதழ் ஒன்று ஏற்றுக்கொண்டது. அதைக் காட்டி ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வருடத்துக்கு இடமும் கிடைத்தது. ஞானம் தெருவுக்கெல்லாம் மீன் குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ் கொடுத்தாள்.

மழை நின்று குளிர்காலம் வந்தது. புறப்படுவதற்கு முன் இன்னொரு தடவை அளந்து பார்த்துவிடலாம் என்று அவன் விரும்பினான். நான் வறண்ட காற்றில் நிதானமாகப் பிளந்து கொடுத்தேன். மலை பழைய இடத்திலேயே நின்றது. இன்னொரு படிகம் கொடுத்தேன். அப்படியே. டிடெக்டரில் கோளாறு என்று நினைத்து அதைப் பிரித்தான். கேபிள்களை மாற்றினான். ஆறு வாரம். கன்னம் ஒட்டிப்போயிற்று. அவன் சாலிடர் புகைக்குள் குனிந்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

ஒரு நாள் தகரப் பெட்டியைத் திறந்து, நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது கோ ஸாவ் சுற்றி வைத்திருந்த, அந்த மழை நாளின் தேதி எழுதிய கறுப்புக் காகிதத்தைப் பிரித்தேன். மற்ற படிகங்களில் பென்சிலால் கீறின மாதிரி மங்கலாக இருக்கும் கோடு, இதில் நாவல்பழச் சாறு சிந்தின மாதிரி இருந்தது. ஈரம் அந்தக் கண்ணாடி முகத்தைக் கரைத்துப் படிக்கட்டு மாதிரி ஆக்கியிருக்கிறது, அந்தப் படிகளில் இடறித்தான் அவ்வளவு அயனிகள் மேற்பரப்பை ஒட்டியே உள்ளே நெடுக ஓடியிருக்கின்றன, அவ்வளவு எலக்ட்ரான்கள் வெளியே வந்திருக்கின்றன என்று புரிய எனக்கு முனைவர் பட்டம் எதுவும் தேவைப்படவில்லை. காகிதத்தை மடித்துத் திரும்ப வைத்தேன். மூன்று நாள் வைத்திருந்தேன். அந்த மூன்று நாளும் பம்பின் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

நான்காம் நாள் காலை ஸயாமாவின் அறைக்குப் போய்ப் படிகத்தை மேசையில் வைத்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். அவர் சன்னல் திரையை இழுத்துவிட்டு, காகிதத்தைப் பிரித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினார். கதவை மூடினது எப்போது, மின்சாரம் போனபோது அழுத்தம் எதுவரை இறங்கியிருந்தது, வெளியே பெரிய மழையா தூறலா, மின்சாரம் வர எவ்வளவு நேரம். நாற்பத்திரண்டு நிமிடம் என்றேன். எழுதிக்கொண்டார். அவர் பேசியது பர்மியத்தில். எனக்கு இன்னும் அது தமிழாகத்தான் நினைவிருக்கிறது.

"மகளுக்கு அன்னிக்கு எத்தனாவது நாள் காய்ச்சல்?" என்று கேட்டார்.

"மூணாவது நாள், ஸயாமா."

அதை அவர் எழுதவில்லை. பென்சிலைக் கீழே வைத்தார்.

"என்கிட்ட வந்து, போகணும்னு சொல்லியிருந்தா நான் கார்ல கொண்டுபோய் விட்டிருப்பேன்," என்றார். "நீங்க சொல்லலை. பதினெட்டு வருஷமா உங்க வரிய நான் படிக்காமலே தாண்டிப் போயிருக்கேன். அது என் தப்பு." பென்சிலைத் திரும்ப எடுத்துக்கொண்டு, "கட்டுரைய நான் திரும்ப வாங்கிக்கிறேன். கோ ஸாவ்கிட்ட மட்டும் நான் சொல்லமாட்டேன். நீங்கதான் சொல்லணும்," என்றார்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அங்கிருந்து நேராகக் கூடத்துக்குப் போனேன்.

கோ ஸாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சூடாக இருந்த சாலிடர் கம்பியை அதன் தாங்கியில் கவனமாக வைத்து, சுவிட்சை அணைத்தான்.

"ஆறு வாரமா தேடறேன், அன்ட்டி. நீங்க அங்கதான உக்காந்திருந்தீங்க?"

ஆமாம் என்றேன்.

"சொல்லாமலே விட்டிருந்தா நான் போயிருப்பேன். அங்க போய்ச் சேந்திருப்பேன்."

"போயிருப்பப்பா. அங்கயும் உக்காந்து அந்த மலையத்தான் தேடியிருப்ப. தேடித் தேடி, உனக்கு ஒண்ணும் தெரியலைன்னு நினைச்சிருப்ப."

அவன் என்னைப் பார்த்தான். பிறகு பர்மியத்தில், மிகவும் மரியாதையாக, நன்றி டோ சோ சோ என்று சொல்லிவிட்டு வெளியே போனான். சின்ன வயதிலிருந்து அவன் என்னை அப்படிக் கூப்பிட்டதில்லை.

எட்டு நாள் வரவில்லை. ஞானம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். எம்புள்ள சோறு திங்கமாட்டேங்கிறான், என்ன நடந்துச்சு பாக்கியம் என்று கேட்டாள். அவளிடமும் சொன்னேன். அயனியும் எலக்ட்ரானும் அவளுக்குப் புரியாது. நான் ஒரு பொய்யை எழுதினேன், அதனால் உன் மகனின் பயணம் நின்றுபோனது என்பது புரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பிப் போனாள். அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் தண்ணீர்க் குழாயில் நான் வந்தால் அவள் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

ஒன்பதாம் நாள் கோ ஸாவ் வந்தான். ஆய்விதழுக்கு எழுத வேண்டிய கடிதத்தைத் தானே எழுதுவதாக ஸயாமாவிடம் சொன்னான். எழுதினான். ஸயாமா லாக் புத்தகத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார். பொய் வரியை அடிக்காமல், படிக்கும்படியே விட்டுவிட்டு, அதன் கீழே சிவப்பு மையில் உண்மை நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். ஸயாமா செய்தது வேறு. மழை வரட்டும், அன்றைக்கு நடந்ததை வேண்டுமென்றே திரும்பச் செய்வோம், அளந்துகொண்டே செய்வோம் என்றார். ஈரத்துணியை ஜாடிக்குள் வைத்து இப்போதே செய்யலாமே என்று கோ ஸாவ் கேட்டதற்கு, நடந்தது மழையில், அதனால் மழையில்தான் என்றார். ஐந்து மாதம் காத்திருந்தோம். அந்த மாதங்களில் வறண்ட படிகங்களை ஒன்றன்பின் ஒன்றாக நான் பிளந்து கொடுக்க, அவன் அளந்து வைத்தான். வேலைக்குத் தேவையானதை மட்டும் பர்மியத்தில் பேசினோம்.

மழை பிடித்துக்கொண்டது. முதல் நாள் பத்து நிமிடம். அடுத்த நாள் வேறு படிகத்தை வைத்து இருபது நிமிடம். பம்பை நான் என் கையாலேயே நிறுத்திவிட்டு, காற்று அன்றைக்குப் போலவே மெதுவாக ஏறட்டும் என்று விட்டுவிடுவேன். மூன்றாம் நாள் நாற்பத்திரண்டு நிமிடம். மூன்று பேரும் மூன்று முக்காலியில் உட்கார்ந்திருந்தோம். பம்ப் ஓடாத அந்தக் கூடத்தை நான் அதுவரை அறிந்ததே இல்லை. தகரக் கூரையில் மழை விழும் சத்தம் மட்டும். ஸயாமா கண்ணை மூடியிருந்தார், தூங்குகிறாரா யோசிக்கிறாரா என்று தெரியவில்லை. அறையின் கண்ணாடிச் சன்னலுக்குள் உப்பு வெறுமனே இருந்தது. அதன் மேல் தண்ணீரின் மெல்லிய படலம் ஏறிக்கொண்டிருக்கும், அணுக்கள் ஒவ்வொன்றாகத் தங்கள் இடத்தை விட்டு நகர்ந்து இன்னோர் இடத்தில் போய் உட்காரும் என்று நினைத்துக்கொண்டேன். கோபம், வெட்கம் எல்லாம் எங்கோ தூரத்தில் யாருக்கோ நடந்தவை மாதிரி இருந்தன. நேரம் முடிந்துவிட்டது என்று ஸயாமா கண்ணைத் திறக்காமலே சொன்னார். எழுந்து பம்பை ஓட்டினேன்.

இரண்டு மணி நேரம் கழித்துக் கற்றையை விட்டோம். திரையில் புள்ளிகள் விழத் தொடங்கின. முதலில் ஒன்றும் தெரியாது. நூறு, இருநூறு அயனி வந்த பிறகுதான் மலையின் உருவம் கூடிவரும். கோ ஸாவ் முகத்தைத் திரைக்கு அருகே வைத்திருந்தான். மலை வலப்பக்கம், சென்ற வருடம் நின்ற அதே இடத்தில், மெல்ல எழும்பியது.

"அன்ட்டி, வந்துருச்சு," என்றான். திரும்பாமலே சொன்னான். என்னை எப்படிக் கூப்பிட்டோம் என்று அவனுக்குத் தெரிந்திருக்காது.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்து லாக் புத்தகத்தில் நேரத்தை எழுதினேன்.

பின்னால் என்ன ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டு இடம் அவனுக்காகக் காத்திருக்கவில்லை. அது போனது போனதுதான். ஈரத்தால் உருவாகும் படிகளும் எலக்ட்ரான்களும் என்பது அவன் ஆய்வின் புதுத் தலைப்பாயிற்று. மேலும் இரண்டு வருடம் பிடித்தது. படி அதிகமானால் எலக்ட்ரான் அதிகமாகும் என்பதைப் பெரிய ஆய்வுக்கூடங்கள் முன்பே கண்டிருந்தன. மழை எத்தனை நிமிடத்தில் எவ்வளவு செய்கிறது என்று அளந்தது அவன்தான். இப்போது மேல் பர்மாவில் ஒரு கல்லூரியில் இருக்கிறான். அங்கே அயனி இயந்திரம் கிடையாது. ஞானம் பேரன் பிறந்தபோது எனக்கும் இனிப்பு அனுப்பினாள். ஸயாமா ஓய்வு பெற்ற நான்காம் வருடம் காலமானார். நான் செய்தது சரியாகிவிட்டது என்று இவற்றைக் கூட்டிப் பார்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவனுடைய இரண்டு வருடம் அது.

ஆனால் அவனுடைய வாய்மொழித் தேர்வு நாளைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க முடியாது.

கருத்தரங்க அறையில் பேராசிரியர்கள் முன்வரிசையில் இருந்தார்கள். நான் பின்சுவரை ஒட்டி, படம் காட்டும் கருவிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அது கோளாறு செய்தால் தட்டிவிடுவது என் வேலை. மண்டலேயிலிருந்து வந்திருந்த தேர்வாளர் வயதானவர், காது கொஞ்சம் மந்தம். எல்லாம் சரி, படிகத்தை ஈரக்காற்றில் வைக்க வேண்டும் என்று முதலில் யாருக்குத் தோன்றியது என்று கேட்டார்.

கோ ஸாவ் ஸயாமாவைப் பார்ப்பான், அல்லது பொதுவாக ஏதாவது சொல்லிவிட்டுப் போய்விடுவான் என்று எதிர்பார்த்தேன். அப்படிச் செய்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

யாருக்கும் தோன்றவில்லை என்றான். மின்சாரம் போன ஒரு நாளில் தவறுதலாக நடந்தது, முதலில் அது தவறாகப் பதிவானது, பதிவு செய்தவரே பிறகு வந்து சொன்னார், அவர் சொல்லியிருக்காவிட்டால் இந்த ஆய்வு இல்லை என்றான். அவர் இந்த அறையில்தான் இருக்கிறார் என்று சொல்லி என் பெயரைச் சொன்னான். டோ சோ சோ என்று சொல்லிவிட்டு, பாக்கியம் என்றும் சொன்னான்.

எல்லாத் தலைகளும் திரும்பின. தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு என்னைத் தேடிக் கண்டுபிடித்தார்.

"ஆய்வேட்டில் நாற்பத்திரண்டு நிமிடம் என்று போட்டிருக்கிறதே அம்மா. மாதங்கள் கழித்துச் சொன்ன கணக்கு. உத்தேசமா?"

"உத்தேசம் இல்லீங்க," என்றேன். "கூடத்துச் சுவர்க் கடிகாரம் மின்சாரத்துல ஓடறது. மின்சாரம் போனப்ப அதுவும் நின்னு போச்சு. திரும்ப வந்ததும் என் கைக்கடிகாரத்தப் பாத்து, ஸ்டூல் மேல ஏறி, முள்ள நான்தான் தள்ளி வச்சேன். நாப்பத்திரண்டு நிமிஷம் தள்ளினேன். எவ்வளவு அவசரமா இருந்தாலும் அதச் செய்யாம போனதில்ல."

தேர்வாளர் தலையை ஆட்டினார். தம் முன்னால் இருந்த ஆய்வேட்டைத் திருப்பி, அந்தப் பக்கத்தைக் கண்டுபிடித்து, ஓரத்தில் எதையோ எழுதினார். எழுதி முடிக்கும் வரை அறையில் எல்லோரும் காத்திருந்தார்கள். பிறகு அடுத்த கேள்விக்குப் போனார்.